மறுநாளின் அறம்

வெற்றி பெற்ற நாளைப் பாடாத புலவர் இலர்; அந்நாளின் படத்தை வெளியிடாத செய்தித்தாளும் இல்லை. ஆனால் வெற்றிக்கு மறுநாள் என்று ஒன்று உண்டு. அன்று மாலை இல்லை, மேளம் இல்லை, கூட்டமும் இல்லை. வென்றவன் மனிதனாயின் அன்று நெடுநேரம் உறங்குவான். உடல் வலித்தால் வாய்விட்டுச் சொல்லுவான். வென்றது வாய்பேசா உயிராயின் அதன் மறுநாளை அறிபவர் யார்? அதற்கு நாம் கடன்பட்டவர்களா? கடன்பட்டிருப்பின் எதனால் அக்கடன் தீரும்? இவ்வினாக்களைச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட உயிர் குதிரை. தலைநகரில் கோப்புகளோடும் பேருந்துகளோடும் காலம் கழிக்கும் தமிழருக்குக் குதிரையோடு என்ன உறவு என்று வாசகர் வினவக்கூடும். உறவு உண்டு என்பது போகப்போகப் புலனாகும்.

1982-ஆம் ஆண்டின் இறுதியில் நம் தில்லி மாநகரில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. இன்று நாற்பதைக் கடந்து நிற்கும் நம்மனையோர் அன்று தொட்டிலில் கிடந்தோம், அல்லது பிறக்கவே இல்லை. ஆயினும் அப்பு என்னும் யானைக்குட்டியைப் பற்றியும், அவ்வாண்டு வந்த வண்ணத் தொலைக்காட்சியைப் பற்றியும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு, நாமே நேரிற் கண்டாற்போல் ஒரு நினைவு நமக்கு உண்டு. அப்பெரியவர்களும் சொல்ல மறந்த செய்தி ஒன்று. ஆசிய விளையாட்டுகளில் குதிரையேற்றம் முதன்முதலாக இடம்பெற்றது அவ்வாண்டில்தான். மூன்று நாள் புரவிப் போட்டியின் தனியாள் பிரிவில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் இந்தியரே பெற்றனர். ரகுபீர் சிங், குலாம் முகம்மது கான், பிரகலாத் சிங் என்பன அவர்தம் பெயர்கள். குழுப் பிரிவிலும் தங்கம் நமக்கே கிட்டியது. ரகுபீர் சிங் நம் படையின் 61-ஆம் குதிரைப்படைப் பிரிவைச் சேர்ந்தவர். அவரைச் சுமந்து சென்ற குதிரையின் பெயர் ஷாஜாதா. இளவரசன் என்பது பொருள். வீரருக்கு அருச்சுனா விருதும் பத்மஸ்ரீ பட்டமும் வந்தன. இளவரசனுக்கு வந்தது மறுநாள் ஒன்றே.

இப்போட்டியின் அமைப்பை அறிந்தாலன்றி நாம் கேட்கும் வினாவின் கூர்மை விளங்காது. முதல் நாள் ஒழுங்குநடை. வீரனின் குறிப்பறிந்து குதிரை அடியெடுத்து வைக்கும் அழகைக் காண்பது. இரண்டாம் நாள் காடும் மேடும் கடந்து, பள்ளமும் நீரும் மரத்தடைகளும் தாண்டி ஓடுவது. அந்நாளில் இவ்வோட்டத்திற்கு முன்னரே சாலைகளிலும் பாதைகளிலும் நெடுந்தொலைவு செல்வதும், வேகத் தடையோட்டம் ஒன்றும் சேர்ந்திருந்தன. ஒலிம்பிக்கில் 2004-ஆம் ஆண்டு ஏதென்சு நகரப் போட்டியிலிருந்துதான் அவை கைவிடப்பட்டன. மூன்றாம் நாள் அரங்கினுள் தடைதாண்டல். இம்மூன்றாம் நாள் காலையிலேதான், தடைதாண்டலுக்கு முன்பாக, ஒரு சடங்கு நிகழ்கிறது. ஒவ்வொரு குதிரையையும் சேணமின்றி, கையிற் பிடித்து, நடுவரும் கால்நடை மருத்துவரும் பார்த்திருக்கக் கெட்டித் தரையில் நடத்திக் காட்டவேண்டும். பிறகு மெல்ல ஓட்டிக் காட்டவேண்டும். ஓர் அடி பிசகி நொண்டினாலும் அக்குதிரை போட்டியிலிருந்து விலக்கப்படும். முந்தைய நாள் முதலிடத்தில் நின்றதாயினும் விலக்குத்தான்.

இச்சடங்கு கருணையிற் பிறந்தது என்று நாம் முதலில் எண்ணியிருந்தோம், அவ்வாறு அன்று. இப்போட்டி குதிரைப்படைகளின் கூடத்திலே பிறந்தது. கடும் பயணம் செய்த குதிரை மறுநாட் காலை மீண்டும் பணிக்கு ஆகுமா என்று அறிவதே படைத்தலைவனுக்கு வேண்டியிருந்தது. அஃதாவது, 'உனக்கு நோகிறதா?' என்பதன்று அவன் கேள்வி. 'உன்மேல் இன்றும் ஏறலாமா?' என்பதே. இரு கேள்விகளுக்கும் ஒரே கையால், ஒரே காலைத் தடவித்தான் விடை காணவேண்டியிருக்கிறது. நம் சிக்கல் முழுவதும் இங்கேதான் உள்ளது.

போட்டிக்குப் பின் குதிரைக்குச் செய்யும் பணிவிடைகளைப் பார்ப்போம். மறுநாள் என்பது உண்மையில் ஓட்டம் முடிந்த அம்மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வெந்து வியர்த்து நிற்கும் குதிரையின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது, குடிக்கவும் கொடுக்கலாகாது என்று பழங்காலக் குதிரைக்காரர்கள் நம்பினர். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரின் வெப்பத்தில் ஒலிம்பிக் போட்டி நடத்த வேண்டியிருந்தபோது, அறிவியலார் இதனை ஆராய்ந்து, குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றுவதே உடல் வெப்பத்தை விரைந்து தணிக்கும் என்று கண்டனர். கொதிக்கும் வெயிலில் ஒரு மணி நேரம் கடுமையாக உழைத்த குதிரை 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. மனிதனின் வியர்வையில் உப்புக் குறைவு. ஆதலால் நீர் குறையக் குறைய இரத்தம் உப்பேறி, நமக்குத் தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையோ அதன் இரத்தத்தைப் போலவே, சில வேளை அதனினும் மிகுதியாக, உப்புச் செறிந்தது. நீரும் உப்பும் ஒருங்கே வெளியேறிவிடுவதால், உடல் வறண்டு கிடக்கும்போதும் தாகம் என்னும் செய்தி அதன் மூளைக்குச் சரிவரச் சென்று சேர்வதில்லை. தண்ணீர்த் தொட்டியின் முன்னே நின்றுகொண்டே குடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் தாகத்தை அதுவே அறியாது, பேணுபவன் அறியவேண்டும், உப்பைக் கொடுத்துத் தாகத்தை வரவழைத்து, பிறகு நீரைக் கொடுக்கவேண்டும். பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய்போற் கருதுவதே அறிவு என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதனினும் நேரான எடுத்துக்காட்டை நாம் கண்டதில்லை.

மறுநாட் காலை லாயத்திற்குள் நுழைபவன் முதலில் பார்ப்பது குதிரையை அன்று, தீவனத் தொட்டியை. இரவு வைத்த புல் தீர்ந்ததா? சாணம் இட்டிருக்கிறதா? வயிற்றில் காதை வைத்தால் குடலின் ஓசை கேட்கிறதா? குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஆகவே வயிற்றுக் கோளாறு அதற்கு உயிர்க் கோளாறு. பின்பு தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடி பார்ப்பான். அமைதியாக நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை துடிக்கும். அதனினும் விரைந்து துடிப்பின் எங்கோ நோகிறது என்று பொருள். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரிக்குள் இருத்தல் வேண்டும். அதன்பின் கால்கள். குதிரையின் முழங்காலுக்குக் கீழே சதை இல்லை. எலும்பும் தசைநாணும் தோலுமே உண்டு. அத்தனை எடையையும் வேகத்தையும் தாங்குபவை அந்நாண்களே. உள்ளங்கையை மேலிருந்து கீழாக மெல்ல இழுத்து, ஒரு காலைவிட மறுகால் சூடாக இருக்கிறதா, எங்கேனும் புடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கட்டிப்போட்டு வைத்தால் கால் நீர்கோத்து வீங்கும். ஆகவே கையிற் பிடித்து மெல்ல நடத்தவேண்டும். ஏறலாகாது. புல்வெளியில் தலைகுனிந்து மேயவிடுதல் மிக நன்று. ஓட்டத்தில் செலவான தசைச் சத்து நமக்கு ஒரு நாளில் திரும்பிவிடும். குதிரைக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும்.

உணவிலும் ஒரு நுட்பம் உண்டு. பாவம், நேற்று ஓடியதே என்று இரங்கிக் கொள்ளையும் தானியத்தையும் வாரி வழங்கலாகாது. வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுத்து, தீவனத்தைக் குறைக்காமல் வயிறார இட்டு, மறுநாள் வண்டியில் பூட்டினால், சில குதிரைகளுக்குத் தசைகள் கட்டையாக இறுகி, சிறுநீர் கறுத்து, நின்ற இடத்தில் நின்றுவிடும். ஐரோப்பியர் இதற்குத் திங்கட்கிழமைக் காலை நோய் என்றே பெயரிட்டனர். (இப்பெயரைக் கேட்டவுடன் நம் அலுவலக நண்பர் ஒருவர், இந்நோய் நமக்கும் உண்டே என்றார். அவருக்குச் சிறுநீர் கறுப்பதில்லை, முகந்தான் கறுக்கிறது.)

இவ்வளவும் எதற்காக? குதிரை தன் வலியைச் சொல்லாது என்பதற்காக. சொல்லாது என்பதோடு, மறைக்கவும் செய்யும். புல்வெளியில் புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக வாழ்ந்த குலம் அது. நொண்டுவதைக் கண்டால் பகை பாயும். ஆகவே நோவை அடக்கி நிமிர்ந்து நிற்பது அதன் குலவழக்கம். நாயைப்போல் முனகுவதில்லை. குதிரைக்குப் பரி என்றும் பெயருண்டு. பரிதல் என்றால் இரங்குதல் என்றும் பொருளுண்டு. சொல்லாராய்ச்சி வல்லார் இரண்டும் வெவ்வேறு வேரின என்று நம்மைக் கடிந்துகொள்ளலாம். கடியட்டும். பரிக்குப் பரிவு இன்றியமையாதது என்று தமிழே நம் காதில் ஓதுவதாக எண்ணிக்கொள்வதில் இழப்பொன்றும் இல்லை.

ஆனால் மேற்சொன்ன பணிவிடையெல்லாம் பரிவுதானா? அரசுப் பேருந்துப் பணிமனைக்குச் சென்று பாருங்கள். இரவு வந்து நின்ற வண்டியைக் கழுவுகிறார்கள்; எண்ணெய் பார்க்கிறார்கள்; சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். எவரும் அதனைப் பரிவு என்று அழைப்பதில்லை, பராமரிப்பு என்கிறோம். நாளை ஓட வேண்டுமே என்பதற்காக இன்று தடவிக் கொடுப்பது பராமரிப்பு. அப்படியாயின் குதிரையின் காலைத் தடவும் கை எதனைச் செய்கிறது?

ரோமானியப் பெரியவர் கேட்டோ என்பார் கி.மு. 195-இல் ஆட்சித்தலைவராகி ஸ்பெயின் நாட்டில் படை நடத்தினார். நாடு திரும்புகையில், தம்மைப் போர்க்களமெல்லாம் சுமந்த குதிரையை அங்கேயே விட்டுவந்தார். அதனைக் கப்பலில் ஏற்றும் செலவு அரசின்மேல் விழலாகாது என்பது அவர் சொன்ன காரணம். அரசுச் செலவைக் கணக்கெழுதிப் பழகிய கை நம் கை; ஆதலால் இதனைப் படித்தவுடன் நமக்குக் கேட்டோவின்மேல் முதலில் மதிப்பே தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறோம். விதிப்படி அவர் செய்தது சரி. பயணப்படிப் பட்டியலில் குதிரையைக் காட்டியிருந்தால் நாமே சிவப்பு மையால் சுழித்திருப்போம்! ஆனால் கேட்டோவின் வரலாற்றை எழுதிய புளுடார்க் அவரை விடவில்லை. உயிருள்ளவற்றைத் தேய்ந்த செருப்பைப்போலும் உடைந்த பாத்திரத்தைப்போலும் எறிவது தகாது என்று இடித்துரைக்கிறார். அதற்கு மாறாக ஏதென்சு மக்களின் செயலொன்றைச் சொல்கிறார். கோயில் கட்டும் பணியில் நெடுங்காலம் கல் சுமந்த கோவேறு கழுதைகளை ஏதென்சு மக்கள் விடுதலை செய்து மேயவிட்டனர். அவற்றுள் ஒன்று தானாகவே திரும்பி வந்து, சுமை இழுக்கும் மற்றவற்றின் அருகே ஊக்கமூட்டுவதுபோல் நடந்ததாம். அதற்கு வாழ்நாள் முழுதும் அரசுச் செலவிலேயே தீனி அளிக்க மக்கள் தீர்மானம் நிறைவேற்றினர். ஓய்வூதிய ஆணை பெற்ற முதல் கழுதை அதுவாகவே இருக்கக்கூடும். ஈழத் தமிழர் ஓய்வுபெற்ற ஆசிரியரை இளைப்பாறிய ஆசிரியர் என்பர். எத்துணை அழகிய வழக்கு!

மேனாட்டாரைச் சொல்லி நம்மவரைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ எழுதிவைத்ததைப் படிக்குந்தோறும் தலை குனிகிறது. அரபு நாட்டுத் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளை நம் மன்னர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார் அவர். பேணும் முறை தெரியாமையால் மடிந்தன. சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டனர். குதிரை மருத்துவம் அறிந்தவர் அங்கே இலர். விற்ற வணிகரும் அத்தகையோர் அங்கே செல்லாதவாறு பார்த்துக்கொண்டனர், ஆண்டுதோறும் விற்பனை நடக்கவேண்டுமே என்று. பயணியின் எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். செய்தியில் உண்மை இல்லாமற் போகாது. கடல் கடந்து வந்த புரவிகளைக் காவியங்களிற் பாடினோம், கற்றூண்களிற் செதுக்கினோம், ஐயனார் கோயில்களில் மண்ணால் வனைந்து வரிசையாக நிறுத்தினோம். மண்குதிரைக்குத் தாகம் இல்லை, மறுநாள் இல்லை. உயிருள்ளதன் மறுநாளுக்குத்தான் நம்மிடம் ஆள் இல்லை.

செய்ந்நன்றி அறிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அதனைக் குதிரைக்கும் பொருத்தலாமே என்பர் சிலர். நாம் சற்றுத் தயங்குகிறோம். நன்றி என்பது ஒருவர் மனமுவந்து செய்த உதவிக்கு உரியது. குதிரை மனமுவந்து ஓடிற்று என்று யார் கண்டார்? அதனை யாரும் கேட்கவில்லை. அது இசைவு தரவும் இல்லை. கொடுத்ததைப் பெற்றவனுக்கு நன்றி போதும். கேளாமல் எடுத்துக்கொண்டவனுக்கு நன்றி போதாது, அவன் கடனாளி. ஆதலால் குதிரையேறுவதே தவறு என்று இன்று வாதிடுவோரின் சொல்லையும் நாம் இகழ்ந்து தள்ளுவதற்கில்லை. மறுநாள் செய்யும் பணிவிடை முன்னாள் ஏற்றிய சுமையைக் கழுவிவிடும் என்று சொல்ல நாம் முன்வரவில்லை. ஏறியாயிற்று; இனி என்ன என்பதே நம் கேள்வி.

நாம் கண்ட விடை இது. காலைத் தடவும் கை பராமரிப்பதா, பரிவதா என்பது தடவும்போது தெரியாது. கைக்குச் சூடு தட்டுப்படும் அந்நொடியிலேதான் தெரியும். சூடு என்றால் இன்றைய பதக்கம் இல்லை, பணம் இல்லை. அப்போது கை என்ன சொல்கிறது? பதக்கத்தை விரும்பும் கையும் காலைத் தடவும் கையும் ஒன்றேயாதலால், அக்கை தனக்குத்தானே பொய்சொல்லும் வாய்ப்பு மிகுதி. அதனாலேதான் மூன்றாம் நாட் காலையில் அயலார் ஒருவர் முன்னே நடத்திக் காட்டவேண்டும் என்று விதி செய்தார்கள் போலும். படைத்தலைவனின் கேள்வியிலிருந்து பிறந்த சடங்காயினும், உரிமையாளனின் கண்ணை நம்பலாகாது என்னும் உண்மை அதனுள் ஒளிந்திருக்கிறது.

2016-இல் ரியோ நகர ஒலிம்பிக்கில் நெதர்லாந்து வீராங்கனை அதெலிந்தே கொர்னெலிசன் என்பாரின் குதிரை பார்சிவால். போட்டிக்கு முன்தினம் பூச்சியோ சிலந்தியோ கடித்து அதன் முகம் வீங்கிக் காய்ச்சல் 40 டிகிரியைத் தாண்டியது. மருத்துவம் செய்தபின் காய்ச்சல் இறங்கியது, மருத்துவர்களும் தடைசொல்லவில்லை. அரங்கினுள் நுழைந்தார். சிறிது நேரத்திலேயே குதிரையின் நடையில் எதையோ உணர்ந்து, ஆட்டத்தை நிறுத்தி, நடுவர்க்கு வணக்கம் சொல்லி வெளியேறினார். அரங்கிற்கே அழைத்து வந்திருக்கலாகாது என்று அவரைக் குறைகூறியோரும் உண்டு. அதிலும் நியாயம் உண்டு. ஆயினும் உலகம் பார்த்திருக்க நிறுத்திய அக்கையை நாம் மதிக்கிறோம். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெட் செட் என்னும் சுவிட்சர்லாந்துக் குதிரைக்குக் காடுமேட்டு ஓட்டத்தில் கால் தசைநார் அறுந்தது. அன்றே அதன் உயிரை நோவின்றி முடித்தார்கள். அதற்கு மறுநாளே இல்லாமற் போயிற்று. அதே போட்டியில் நம் பெங்களூரு ஃபவாத் மிர்சா 23-ஆம் இடம் பெற்றார். 2018-இல் ஜகார்த்தாவில் வெள்ளி வென்று, 1982-க்குப் பின் ஆசியக் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு முதல் தனியாள் பதக்கம் தந்தவர் அவரே.

சட்டமும் நம்மிடம் உண்டு. நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொணர்ந்து வழக்காடியதன் விளைவே 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அத்தமிழகத்து அம்மையாரே. 1965-ஆம் ஆண்டின் விதிகள், சுமைவிலங்குகளை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்திற்கு மேலும் வேலைவாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டலாகாது என்கின்றன. நல்ல விதிகள். ஆனால் அவை மணிக்கணக்கையும் வெப்பத்தையும் அளக்கின்றன. மறுநாட் காலையில் காலைத் தடவிப் பார்க்க எந்த விதிக்கும் கை இல்லை.

சென்ற கார்த்திகை மாதத்தில் நம்மோடு பணிபுரியும் வடநாட்டு நண்பர் ஒருவரின் மகன் திருமணம். மாலை ஏழு மணிக்கே வெண்ணிறப் பெண்குதிரை வந்துவிட்டது. நெற்றியில் சரிகை, கழுத்தில் மணிகள். மணமகனின் தோழர்கள் ஆடி முடித்து ஊர்வலம் புறப்படும்போது மணி பத்தைத் தாண்டிற்று. அதுவரை அது பாண்டு வாத்தியத்தின் காதைப் பிளக்கும் ஓசையினிடையே, விளக்குச் சுமந்து நின்ற பெண்களின் வரிசை அருகே, ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றிக்கொண்டு நின்றது. நாமும் கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்தோம், பசி நம்முடையது.

மறுநாட் காலை பால் வாங்கச் சென்றபோது, சந்தைக்குப் பின்புறச் சுவரோரம் அக்குதிரை கட்டப்பட்டிருக்கக் கண்டோம். பிடரிமயிரில் முன்னிரவின் சரிகைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதனை ஓட்டிவந்த முதியவர் குந்தியமர்ந்து, முன்னங்கால் ஒன்றை மேலிருந்து கீழாகத் தடவினார், மறுகாலைத் தடவினார், மீண்டும் முதற்காலுக்கே வந்தார். நமக்குத் தெரிந்த அலுவலக இந்தியில், "என்ன பெரியவரே?" என்றோம்.

"சூடாக இருக்கிறது, பாபுஜி. நேற்று நெடுநேரம் நின்றுவிட்டது."

"இன்று ஓய்வுதானே?"

"இரவு இன்னொரு வீட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். முன்பணம் வாங்கியாயிற்று." சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார், சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பப் பையிலேயே வைத்தார்.

நெடுநேரம் நிற்கவைத்தவர்களில் நாமும் ஒருவர் என்று அவரிடம் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஒன்பது மணிக்குள் அலுவலக வாயிலில் விரல் பதிக்கவேண்டும். அவர் வாளியில் நீர் முகந்து, மடியிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துக் கரைத்து, குதிரையின் வாயருகே பிடித்தார். அது முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாம் தெருமுனையிலிருந்து திரும்பிப் பார்த்தபோதும் அவர் வாளியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.